அலுவலக உடையும் முதல் மாதச் சம்பளமும்

2023 ஆம் ஆண்டில் கொழும்பில் ஊடக நிறுவனமொன்று பயிலுநர் செய்தியாளர்களைத் தெரிவுசெய்வதற்கு நடத்திய நேர்முகப் பரீட்சைக் குழுவில் என்னையும் ஒருவராக அமர்த்தியிருந்தது. ஓய்வுபெற்றுவிட்ட பத்திரிகையாளர்களை இத்தகைய காரியங்களுக்கு அழைப்பது எமது துறையில் வழமையாகிவிட்ட ஒன்று. எங்கள் கைகளில் தரப்பட்டிருந்த தாளில் மொழியறிவு, பொது அறிவு, கல்வித் தகைமை என்பவற்றுக்குக் கீழே 'தோற்றம்' என்றொரு வரியும் இருந்தது. அதற்குப் பத்துப் புள்ளிகள்.

இறுதியாக வந்தவர் மலையகத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர். அவர் அணிந்திருந்த சேர்ட்டின் தோள் மடிப்பு கைவரை இறங்கியிருந்தது. நடக்கும்போது சப்பாத்து காலை விட்டுக் கழன்று கழன்று தரையில் அடித்தது. கேட்ட கேள்விகளுக்கு அவர் நிதானமாகவும் தெளிவாகவும் பதிலளித்தார். தோட்ட லயன் ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தைப் பற்றி எழுதித் தருமாறு கேட்டபோது, எத்தனை குடும்பங்கள், அவர்கள் அன்றிரவு எங்கே தங்கினார்கள் என்ற விபரத்தை முதல் வாக்கியத்திலேயே எழுதினார். பல வருடங்கள் அனுபவம் பெற்றவர்கள்கூட அந்த விபரத்தைக் கடைசிப் பந்தியில் போடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் தோற்றத்துக்கு நான் அவருக்கு வழங்கியது மூன்று புள்ளிகள் மாத்திரமே. மற்றவர்களும் ஏறத்தாழ அவ்வளவே வழங்கியிருந்தனர். மூன்று பேரைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அவர் நான்காவதாக வந்தார். கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

மழை பெய்துகொண்டிருந்தது. அருகிலிருந்த பஸ் தரிப்பிடத்தில் அந்த இளைஞர் அமர்ந்து, சப்பாத்தைக் கழற்றித் துடைத்து, பொலித்தீன் பையொன்றில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். காலில் இறப்பர் செருப்பு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஏன் கழற்றிவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அண்ணனோட சப்பாத்து சேர். அவரு செக்கியூரிட்டி வேலை. ராவு டியூட்டிக்குப் போகணும். ஆறு மணிக்குள்ள கொண்டுபோய்க் குடுத்திடணும்."

சேர்ட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவுமில்லை. மேலே சென்று, தாளைத் திருப்பித் தாருங்கள், நான் புள்ளியை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். நான் செல்லவில்லை. எனது பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அலுவலக உடை பற்றி ஏதோவோர் உபதேசம் எழுதுமாறு சில இளம் நண்பர்கள் நீண்ட நாட்களாகவே கேட்டுவருகிறார்கள். அந்த மாலைப்பொழுதைச் சொல்லாமல் அதனை எழுதுவதற்கு எனக்குத் தகுதியில்லை.

இரண்டு சேர்ட்டுகளின் காலம்

அந்த இளைஞரைப் பார்த்தபோது எனக்கு என் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வராமல் போனதுதான் விந்தை.

1975 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து இரவுத் தபால் ரயிலில் கொழும்புக்கு வந்து, நாளிதழ் ஒன்றில் ஒப்புநோக்காளராகச் சேர்ந்தேன். எனது தகரப் பெட்டியில் இரண்டு வெள்ளைச் சேர்ட்டுகள், ஒரு நீளக்காற்சட்டை, இரண்டு சாரங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் காரணமாக நல்ல துணி கிடைப்பதே அரிதாயிருந்த காலம் அது. அரசாங்கத்தின் சலுசல கடைகளில் துணி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் வரிசையில் நிற்பதற்கு ஆளனுப்புவார்கள். கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் தங்கியிருந்த நான் இரவில் ஒரு சேர்ட்டைத் தோய்த்துக் காயப்போட்டு, காலையில் வீட்டுக்காரம்மாவிடம் சிரட்டைக்கரிப் பெட்டியை இரவல் வாங்கி அழுத்தி, மற்றையதை அன்றிரவு தோய்ப்பேன். மாரிகாலத்தில் ஈரச் சேர்ட்டுடனேயே வேலைக்குப் போன நாட்களும் உண்டு.

எங்கள் அச்சுக்கூடத்தில் மூத்த அச்சுக்கோப்பாளர் ஒருவர் இருந்தார். ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, உமக்கு ரெண்டு சேட்டுத்தான் எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அதில வெக்கப்பட ஒண்டுமில்லை. கொலரை மட்டும் ஊத்தையா வைச்சிருக்காதையும்" என்றார். கொலர் நைந்துபோனால் அதனைப் பிரித்து, மறுபுறம் வெளியே தெரியும்படி புரட்டித் தைத்தால் இன்னும் ஒரு வருடம் போகும் என்பதையும் அவரே சொல்லித்தந்தார். ஆட்டுப்பட்டித்தெருவில் தையற்காரர் ஒருவரிடம் அழைத்துச் சென்றதும் அவர்தான். தொழிலில் நான் பெற்ற முதலாவது உடைப் பாடம் அது. அதற்குமேல் முக்கியமான ஒன்றை இன்றுவரை நான் கற்றதாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது பாடம் சற்றுக் கசப்பானது. பின்னர் நிருபராக உயர்ந்த புதிதில், நகரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் நடைபெற்ற செய்தியாளர் மாநாட்டுக்கு அனுப்பப்பட்டேன். வாசலில் நின்றவர் எனது அழைப்பிதழைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பாட்டாச் செருப்பு. உள்ளே விட முடியாது என்று கூறிவிட்டார். மறுநாள் ஏனைய பத்திரிகைகளில் வெளிவந்த செய்தி எங்கள் பத்திரிகையில் இல்லை. செய்தி ஆசிரியர் ஏசவில்லை. சம்பளத்தில் முற்பணம் எழுதித் தந்து, சப்பாத்து வாங்கும்படி அனுப்பினார். நான்கு மாதங்கள் கழிவு நடந்தது. அந்த மனிதர் அன்று செய்ததைத்தான் ஏறத்தாழ அரைநூற்றாண்டின் பின்னர் ஒரு மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த நான் செய்யத் தவறினேன்.

முறையான உடையென்று எவர் சொன்னார்?

அலுவலகத்துக்குரிய உடை இதுதான் என்று கல்லில் எவரும் எழுதிவைக்கவில்லை. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் எழுதுவினைஞர்களும் ஆங்கிலப் பாடசாலை ஆசிரியர்களும் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து வியர்த்தார்கள். 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அவரை அழைத்த வாலிபர் காங்கிரஸைச் சேர்ந்தவர்கள் மேல்நாட்டு உடையைக் கைவிட்டு வேட்டியும் சால்வையும் அணியத் தலைப்பட்டிருந்தனர். கோட்டு அணியாதவரை வகுப்பறையில் மதிப்பார்களா என்ற ஐயம் அப்போது எழாமலா இருந்திருக்கும்? எனது பாடசாலைக் காலத்தில் வெள்ளை வேட்டியும் நஷனலும் அணிந்த ஆசிரியர்களைக் கண்டாலே நாங்கள் எழுந்து நின்றோம். 1956 ஆம் ஆண்டின் பின்னர் தென்னிலங்கை அரசியலிலும் வெள்ளைத் தேசிய உடையே கௌரவத்தின் அடையாளமாயிற்று. 1977 ஆம் ஆண்டில் திறந்த பொருளாதாரம் வந்தது. ஆயத்த ஆடைகள் கடைகளை நிறைத்தன. நீளக்கைச் சேர்ட்டும் பளபளக்கும் சப்பாத்தும் மீண்டும் கௌரவமாயின.

அண்மைக்காலத்திலும் இந்த விதிகள் எவ்வளவு இலகுவில் மாறுகின்றன என்பதைக் கண்டிருக்கிறோம். உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர், 2019 மே மாத இறுதியில், அரச அலுவலகங்களில் பெண்கள் சேலை அல்லது ஒசரி மாத்திரமே அணிய வேண்டுமென்று பொது நிர்வாக அமைச்சு சுற்றறிக்கை வெளியிட்டது. முஸ்லிம் பெண் உத்தியோகத்தர்கள் பலர் அதனால் பாதிக்கப்பட்டனர். கடும் எதிர்ப்பின் பின்னர் அது மாற்றப்பட்டது. 2022 செப்டெம்பரில் அதே அமைச்சு, பொருளாதார நெருக்கடியைக் கருத்திற்கொண்டு, பொருத்தமான எளிய உடையில் கடமைக்கு வரலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையின்றி வேறு உடைகளில் பாடசாலைக்குச் சென்றபோது பெரும் சர்ச்சை எழுந்தது. ஆசிரியைகளுக்குச் சேலையே என்ற நிலைப்பாட்டில் கல்வி அமைச்சு நின்றது.

பண்பாடு பற்றிய அந்த விவாதத்துக்குள் நான் நுழைய விரும்பவில்லை. சேலையை விரும்பி அணிபவர்கள் பலர் இருக்கிறார்கள், அணியட்டும். ஆனால் அதன் செலவைப் பற்றி ஆண்கள் பேசுவதேயில்லை. சேலை வாங்குவதோடு காரியம் முடிவதில்லை. அதற்கேற்ற சட்டை தைப்பிக்க வேண்டும், உட்பாவாடை வேண்டும், கரையில் ஃபோல்ஸ் தைக்க வேண்டும். ஆறு யார் துணியைத் தோய்த்துக் காயவைத்து மடிப்புக் குலையாமல் அழுத்த வேண்டும். அதிகாலையில் அரை மணித்தியாலம் முன்னதாக எழ வேண்டும். அதன் பின்னர் நெரிசல் மிகுந்த பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ போக வேண்டும். ஒரே சேலையை வாரத்தில் இருமுறை உடுத்தினால், மாணவர்களும் சக ஆசிரியைகளும் கவனிப்பார்கள். எனது இரண்டு சேர்ட்டுகளை எவரும் குறை சொல்லவில்லை. இரண்டு சேலைகளோடு வேலைக்கு வந்த பெண் ஒருத்திக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. பின்னர் பணவீக்கம் குறைந்தது உண்மை. ஆனால் அதற்காக ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கிவிடவில்லை. இன்று முதன்முறையாக வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு உடை வாங்கும் செலவு சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னரே வந்துவிடுகிறது. பஸ் கட்டணம், அறை வாடகை முற்பணம், அதனோடு உடை. வேலையைப் பெறுவதற்கு உடை வேண்டும். உடை வாங்குவதற்கு வேலை வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதில் ஒரு முரண்நகையும் உண்டு. 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து உலகத்துக்கு உடை தைத்துக் கொடுக்கும் நாடு இது. எமது பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ நாற்பது வீதம் தைத்த ஆடைகளிலிருந்து வருகிறது. நியூயோர்க்கிலும் இலண்டனிலும் அலுவலகம் செல்வோரின் உடையைத் தைக்கும் பெண்களின் தம்பிமார் நேர்முகப் பரீட்சைக்கு இரவல் சேர்ட்டில் வருகிறார்கள்.

எவ்வளவு போதும்?

இனி, நண்பர்கள் கேட்ட உபதேசம். ஐம்பது வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்தவை இவை.

முதலாவது, தொகை குறைவாக இருக்கட்டும். ஆண்களுக்கு நான்கு சேர்ட்டுகளும் இரண்டு நீளக்காற்சட்டைகளும் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தும் அதே நிற இடுப்புப்பட்டியும் தாராளமாகப் போதும். காற்சட்டைகளில் ஒன்று கடும் நீலமாகவும் மற்றையது சாம்பல் நிறமாகவும், சேர்ட்டுகள் வெள்ளை, இளநீலம் போன்ற மென்னிறங்களாகவும் இருந்தால் எதை எதனோடும் அணியலாம். நான்கும் இரண்டும் எட்டு விதமாகின்றன. அவற்றையும் ஒரேநாளில் வாங்கத் தேவையில்லை. இரண்டு சேர்ட்டுகள், ஒரு காற்சட்டையுடன் தொடங்கி, மாதம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெண்களுக்குச் சேலை கட்டாயமற்ற இடங்களில் இதே கணக்குச் சல்வாருக்கும் பாவாடை சட்டைக்கும் பொருந்தும். சேலை கட்டாயமான இடங்களில், எனது மனைவி ஆசிரியையாக இருந்த காலம் முழுவதும் கடைப்பிடித்த வழியொன்றைச் சொல்கிறேன். கறுப்பில் ஒன்றும் சந்தன நிறத்தில் ஒன்றுமாக நன்கு பொருந்தும் இரண்டு சட்டைகளைத் தைப்பித்துவிட்டு, அவ்விரண்டுக்கும் ஏற்ற சேலைகளை மாத்திரமே அவர் வாங்குவார். சேலைக்கொரு சட்டை என்று போனால் தையற்கூலியே சேலையின் விலையை எட்டிவிடும்.

இரண்டாவது, துணியைப் பார்த்து வாங்க வேண்டும். பருத்தி தனது நிறையில் ஏறத்தாழ எட்டு வீத ஈரத்தை இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும். பொலியெஸ்டர் அரை வீதத்தைக்கூட ஏற்பதில்லை. கொழும்பின் புழுக்கத்தில், நெரிசலான பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் நின்று வரும் ஒருவருக்கு இந்த வித்தியாசம் அலுவலகத்துக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். முழுப் பருத்தி வியர்வைக்கு நல்லது, ஆனால் தினமும் அழுத்த வேண்டும். கலப்புத் துணி கசங்காது, ஆனால் புழுங்கும். அறையில் அழுத்தும் வசதியில்லாதவர்கள் பருத்தி கூடுதலாகவுள்ள கலப்புத் துணியை எடுப்பது நடைமுறைக்கு ஏற்றது. விகிதம் உட்புறச் சிட்டையில் இருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன்னர் அதைப் பாருங்கள்.

மூன்றாவது, அளவு. விலையுயர்ந்த உடை அளவு பிழைத்தால் இரவல் உடையாகவே தோன்றும். மலிவான உடை அளவாக இருந்தால் தைப்பித்தது போலத் தோன்றும். சேர்ட்டின் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். கொலர் பூட்டிய பின் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும். ஆயத்த ஆடையைத் தோளுக்கு அளவாகத் தெரிந்தெடுங்கள். இடுப்பையும் கையின் நீளத்தையும் தையற்காரர் சிறிய தொகைக்குக் குறைத்துத் தருவார். தோளை மாற்றுவது கடினம். அந்த இளைஞரின் சேர்ட்டில் பிழைத்திருந்ததும் தோள்தான்.

நான்காவது, வாங்கும் இடம். புறக்கோட்டையில் பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் நடைபாதைகளிலும் ஏற்றுமதியில் எஞ்சிய, அல்லது சிறு குறைக்காக ஒதுக்கப்பட்ட உடைகள் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. ஆனால் அவை ஏன் ஒதுக்கப்பட்டன என்பதைக் கண்டுபிடிப்பது வாங்குபவரின் பொறுப்பு. இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று வைத்து நீளத்தைப் பாருங்கள். தையலின் இருபுறமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். தெறிகளை எண்ணுங்கள். இயந்திர எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடை வாசலுக்குக் கொண்டுவந்து சூரிய வெளிச்சத்தில் பாருங்கள். குழாய் விளக்கின் கீழ் கறுப்பும் கடும் நீலமும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஐந்தாவது, சப்பாத்து. கையில் உள்ள பணத்தில் பெரிய பங்கு இதற்குப் போகலாம். பகல் முழுவதும் நடந்தபின் கால் சற்று வீங்கியிருக்கும் மாலைவேளையில் வாங்குவது நல்லது. மழையில் நனைந்தால் வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்கக்கூடாது, தோல் வெடிக்கும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். நேற்றைய பத்திரிகைக்கு நானறிந்த மிகச் சிறந்த பயன் இதுவே.

ஆறாவது, கணக்கு. 1,500 ரூபாவுக்கு வாங்கிய சேர்ட் இருபது தடவை தோய்த்ததும் வெளிறிச் சுருங்கினால் ஒரு தடவை அணிந்ததற்கான செலவு 75 ரூபா. 3,000 ரூபாச் சேர்ட் நூறு தடவை தாங்கினால் 30 ரூபா. ஆனால் இந்தக் கணக்கு 3,000 ரூபாவை ஒரேயடியாக எடுக்கக்கூடியவருக்கே உதவும். எடுக்க முடியாதவர் தவணைக் கடனில் இறங்கக்கூடாது. சேர்ட் கிழிந்த பின்னரும் தவணை முடியாது. அவருக்கு நல்ல வழி, வீட்டிலோ உறவினரிடமோ இருக்கும் நல்ல துணியுடைய பழைய சேர்ட்டை வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துத் தன் அளவுக்கு வெட்டித் தைப்பிப்பதே.

பராமரிப்புப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. கொலரையும் கைமுனையையும் முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து ஊறவையுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள். கழன்ற தெறியை அன்றிரவே தைத்துவிடுங்கள். ஆண்பிள்ளைகளும் ஊசி நூல் பிடிக்கப் பழக வேண்டும். பொருளாதாரத் தடை நிலவிய 1990 களில் யாழ்ப்பாணத்தில் சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனங்களியில் உடுப்புத் தோய்த்தார்கள். அந்த வாசனைக்குக் கொடியில் காய்ந்த உடுப்பை மாடு சப்பிய கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படியிருந்தும் ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் வெள்ளை உடுப்போடு சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். துப்புரவுக்குப் பணம் தேவையில்லை என்பதற்கு உதாரணமாக இதைச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பனங்களியைப் பிசைந்து கிணற்றடியில் நின்று தோய்த்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருதமுனையில் ஒரு முதியவர்

சேலை வாங்குவோர் கிழக்கின் மருதமுனைக் கைத்தறியையும் ஒருமுறை பார்க்கலாம். உழைக்கும் துணி அது. அந்த ஊரின் பெயரை எழுதும்போது எனக்கு ஆழிப்பேரலை நினைவு வராமல் போவதில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குச் சில நாட்களின் பின்னர் செய்தி சேகரிப்பதற்காக அம்பாறைக் கரையோரம் சென்றிருந்தேன். கொழும்பில் கூட்டமொன்றிலிருந்து நேராக வாகனத்தில் ஏறியதால் காலில் மினுக்கிய சப்பாத்து. மருதமுனையில் கடலோர வீடுகள் இருந்த இடத்தில் சேறும் மணலும் உடைந்த தறிகளின் மரத்துண்டுகளும் கிடந்தன. அங்கே நின்ற முதியவர் ஒருவர் எவரோ கொடுத்த, தனக்குப் பொருந்தாத சேர்ட்டொன்றை அணிந்திருந்தார். அவரது குடும்பத்தில் யார் எஞ்சியிருந்தார்கள் என்று கேட்பதற்கு நான் தயங்கிக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"தம்பி, சப்பாத்துப் பழுதாப் போயிரும், இந்தப் பக்கத்தால வாங்க."

அன்று நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன். அலுவலகத்தில் பொருத்தமான உடை அங்கே பொருத்தமற்றுப் போயிருந்தது. சாவீட்டுக்குச் செல்லும்போதும் அமைச்சரைச் சந்திக்கும்போதும் கசங்காத உடை அணிந்து செல்வது எதிரில் இருப்பவரை நாம் மதிக்கிறோம் என்று காட்டுவதற்காக. அந்த மதிப்பைக் காட்ட உடை உதவவில்லையென்றால் அது எத்தனை ஆயிரம் ரூபா பெறுமதியானாலும் பொருத்தமற்ற உடைதான். அதனால்தான் உடையில் அக்கறை வேண்டாம் என்று நான் இளைஞர்களுக்குச் சொல்வதில்லை.

அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை

ஊழியரிடம் ஓர் அலுவலகம் துப்புரவை எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும். அதற்கு மேலே, இன்ன நிறம், இன்ன வகை, கழுத்துப்பட்டி, சேலை என்று கேட்குமாயின், அதற்குரிய செலவை அந்த அலுவலகமே ஏற்பதுதான் நியாயம். சீருடை அணிவோருக்குச் சீருடையோ அதற்கான கொடுப்பனவோ வழங்கும் வழமை இந்நாட்டில் உண்டு. எழுதப்படாத சீருடையை அணிவோருக்கு மட்டும் ஏன் அது பொருந்தாது?

பெரிய கொடுப்பனவு எதையும் நான் கேட்கவில்லை. நியமனக் கடிதத்தோடு, நான்கைந்து மாதங்களில் கழித்துக்கொள்ளக்கூடிய சிறிய உடை முற்பணம் ஒன்றை வழங்கலாம். எனது செய்தி ஆசிரியர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தது அதுவே. நேர்முகப் பரீட்சைத் தாளில் 'தோற்றம்' என்ற வரியை எடுத்துவிட்டு, வேலைக்கு அவசியமென்றால் 'துப்புரவு' என்று எழுதலாம். வேலைக்கு எடுத்தபின் எப்படி உடுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது ஒரு கிழமை வேலை. முதல் வாக்கியத்தில் எதை எழுத வேண்டும் என்று அறிந்த ஒருவரைத் தேடிப்பிடிப்பது அவ்வளவு இலகுவானதல்ல. பழைய மாணவர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு இரவல் கொடுப்பதற்கென்று பல அளவுகளில் சில சேர்ட்டுகளையும் சப்பாத்துகளையும் வைத்திருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியைகளின் அலுமாரிகளில் உறங்கும் நல்ல சேலைகள் புதிய ஆசிரியை ஒருத்தியின் முதல் மாதத்தைக் காப்பாற்றிவிடும். ஆனால் கிழிந்த பின்னர் கொடுக்காதீர்கள். நீங்களே இன்னும் ஒரு வருடம் அணியக்கூடிய நிலையில் கொடுங்கள்.

கடந்த வருடம் மற்றொரு நிறுவனத்தின் நேர்முகப் பரீட்சைக்கு மீண்டும் அழைத்தார்கள். தாளில் 'தோற்றம்' என்ற வரி இருந்தால் நான் அமர மாட்டேன் என்று முன்கூட்டியே சொன்னேன். சிறிது விவாதத்தின் பின்னர் அதனை எடுத்துவிட்டார்கள். அன்று தெரிவானவர்களில் இருவருக்கு நான் சற்று முன்னர் எழுதிய ஆறு விடயங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

மழையில் அமர்ந்து அண்ணனின் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்த இளைஞர் இப்போது எங்கே, என்ன தொழில் செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது. பெயரைக்கூட அந்தத் தாளில் ஒருமுறை வாசித்ததோடு சரி. இதனை அவர் வாசிக்க நேர்ந்தால், அந்த மூன்று புள்ளிகள் பிழையானவை என்பதை அன்று மாலையே நான் அறிந்திருந்தேன் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். திரும்பிப் படியேறுவதற்கு எனக்கு நேரமிருந்தது.